லைஃப் டாக்ஸ் கட்டிய வண்டிக்கு ஏன் அபராதம்?

(வாகனப் பதிவு, வரி, உரிமம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா ஓட்டிய 100 சி.சி. பைக்கைத்தான் நான் இப்போது வேலைக்கு எடுத்துப் போகிறேன். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் பைபாஸ் முனையில் போலீஸ் நிறுத்தினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தேன். லைசென்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ் வருடம் தவறாமல் கட்டியிருக்கிறேன், புகைச் சான்றும் உண்டு. கையிலிருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆர்.சி. 2024 ஆகஸ்டிலேயே முடிஞ்சு போச்சே” என்று 2,500 ரூபாய்க்குச் சலான் போட்டுவிட்டார்கள். 2009-ல் வண்டி எடுக்கும்போதே லைஃப் டாக்ஸ் கட்டியாகிவிட்டது, ரசீதுகூட இருக்கிறது. லைஃப் டாக்ஸ் என்றால் வண்டி இருக்கிறவரைக்கும்தானே? ஆர்.சி. முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் எப்படிப் பணம் வாங்கியது? இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, இதே கேள்வியோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் ஏராளம். ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஒழுங்காக இருக்கிறோம் என்ற நிம்மதியில் அந்த ஒரு தேதியை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் லைஃப் டாக்ஸ். அது மாநில அரசுக்குக் கட்டும் சாலை வரி. பதிவு வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 41-ஆம் பிரிவுப்படி, சொந்த உபயோக வண்டிக்குக் கொடுக்கப்படும் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு புதுப்பித்தால் ஒவ்வொரு தடவையும் 5 வருடம். வரி எத்தனை வருடத்துக்குக் கட்டியிருந்தாலும் இந்த 15 வருடக் கணக்கு மாறாது. ஸ்மார்ட் கார்டு ஆர்.சி.யாக இருந்தால் ‘ரெஜிஸ்ட்ரேஷன் வேலிடிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். எழுத்து பொடியாக இருப்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்தத் தேதி ஆகஸ்ட் 2024 என்றால் போலீஸ்காரர் சொன்னது சரி.

“முடிந்தால் என்ன, சின்னத் தாமதம்தானே, அதற்கா 2,500?” என்று உங்களுக்குத் தோன்றும். இந்த இடத்தில் சட்டம் கடுமையானது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52-ஆம் விதி சொல்வது இது: சான்றின் காலம் முடிந்த நாளிலிருந்து, புதுப்பிக்கும்வரை, அந்த வண்டி செல்லத்தக்க பதிவு உள்ள வண்டியாகக் கருதப்படாது; பொது இடத்தில் ஓட்டவும் கூடாது. அதாவது ஷோரூமிலிருந்து நம்பரே வாங்காமல் ஓட்டிவந்த வண்டியும், உங்கள் அப்பாவின் வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். அதனால்தான் 192-ஆம் பிரிவு பாய்கிறது. முதல் தடவை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை அபராதம். இரண்டாம் தடவை என்றால் 5,000-க்குக் குறையாமல் 10,000 வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்து ஸ்டேஷனில் நிறுத்தவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்களைச் சலானோடு அனுப்பியிருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. சலானில் வண்டி நம்பர் தப்பாக இருந்தாலோ, அன்றைக்குப் பதிவு நடப்பில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தாலோ கட்டாயம் போங்கள் என்பேன். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை. ‘லைஃப் டாக்ஸ் கட்டினேன்’ என்பது வாதமாக நிற்காது. பணத்தைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீது அன்றைய குற்றத்துக்கு மட்டும்தான். அதைக் காட்டிக்கொண்டு நாளைக்கும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு வேறொரு முனையில் நிறுத்தினால் அது இரண்டாம் தடவை. புதுப்பிக்கிறவரைக்கும் வண்டி வீட்டில் நிற்கட்டும். பஸ்ஸில் போங்கள்.

இப்போது இன்சூரன்ஸ். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் வந்த இடம் அதுதான். 2,500 ரூபாய் போனது போகட்டும். இந்த ஒன்றரை வருடத்தில் இந்த வண்டியில் ஒரு விபத்து நடந்திருந்தால்?

கம்பெனி பணம் வாங்கியதால் பாலிசி கெட்டி என்று அர்த்தமில்லை. ஆன்லைனில் நம்பரைப் போட்டால் பாலிசி வந்துவிடுகிறது. பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அவர்கள் துருவிப் பார்ப்பது நஷ்ட ஈடு கேட்டு நீங்கள் போகும் அன்றைக்குத்தான். உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை இரண்டு வழக்குகளில் பார்த்திருக்கிறது. இரண்டிலுமே தற்காலிகப் பதிவு முடிந்த வண்டிகள். 2014-ல் தீர்ப்பான வழக்கில், பதிவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத வண்டி விபத்தில் சிக்கியது. 2021-ல் தீர்ப்பான வழக்கில், பஞ்சாபில் வாங்கிய ஒரு பொலேரோ ஜோத்பூரில் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது திருட்டுப் போனது. பதிவு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இரண்டிலுமே பதிவில்லாமல் வண்டியை வெளியில் எடுத்தது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறிய செயல், கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளுக்கே அந்தக் கதி. உங்கள் வண்டியால் ரோட்டில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு தர வேண்டிய நிலை வந்தால், கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உங்களிடம் வசூலிக்கக் கேட்கலாம். அது 2,500 அல்ல, லட்சங்களில் இருக்கும்.

அதோடு இன்னொன்று. பாலிசி யார் பெயரில் இருக்கிறது? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும்போது பாலிசியும் அப்பா பெயரில்தான் வந்துகொண்டிருக்க வேண்டும். பாலிசியின் உட்பக்கத்தில் யாரும் படிக்காத ஒரு நிபந்தனை உண்டு: காப்பீடு செய்தவர் இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அது செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாக, இல்லாத ஒருவர் பெயரில் நீங்கள் பிரீமியம் கட்டிவந்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

ஆக, உங்களுக்கு இருப்பது இரண்டு வேலை. ஒன்று, அப்பா பெயரிலிருந்து வண்டியை மாற்றுவது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 3 மாதம் வரை வாரிசு ஓட்டலாம்; அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதற்காக மாற்றவே முடியாது என்றில்லை. அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ‘இவர் பெயருக்கு மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், இவை வேண்டும். அந்தக் கையெழுத்துகளை நல்ல முகத்தோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பதினையாயிரம் ரூபாய் பெறாத வண்டிக்காக அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு என் முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, பதிவைப் புதுப்பிப்பது. மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹன் தளத்தில் படிவம் 25 போட வேண்டும். இதைப் பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே செய்யலாம். வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் ஆர்.டி.ஓ. எல்லையில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் பெயர் மாற்றமும் சேர்ந்து வருவதால், எதை முதலில் போடுவது என்று அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். புரோக்கரைக் கேட்க வேண்டாம். உள்ளே அந்தப் பிரிவைப் பார்க்கும் எழுத்தரைக் கேளுங்கள். பதில் சொல்வது அவர் வேலை.

செலவு என்ன ஆகும்? 15 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். இது 2022 ஏப்ரலிலிருந்து. கார் என்றால் 5,000. ஸ்மார்ட் கார்டுக்கு 200. இத்தோடு போனால் பரவாயில்லை. தாமதக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500. மாதத்தில் நான்கு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு. உங்களுக்கு 18 மாதம் என்று வைத்துக்கொண்டால் 5,400. எல்லாம் கூட்டினால் 6,600. அதன் மேல் பசுமை வரி உண்டு, பெயர் மாற்றக் கட்டணம் உண்டு. வண்டியின் விலையில் பாதிக்கு வந்துவிடும்.

இந்தத் தாமதக் கட்டணம் நியாயமில்லை என்பது என் கருத்து. பணியில் இருந்தபோதும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். வண்டி எண், உரிமையாளர் பெயர், செல் நம்பர், பதிவு முடியும் தேதி எல்லாமே ஒரே கணினியில் இருக்கின்றன. சலான் போட்ட அடுத்த நிமிடம் எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்த அதே கணினிக்கு, இரண்டு மாதம் முன்னால் ‘உங்கள் பதிவு முடியப் போகிறது’ என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரியாதா? இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒரு மாதம் முன்பிருந்தே போன் போட்டுத் துளைக்கின்றன. அரசாங்கமும் அப்படி ஞாபகப்படுத்திவிட்டு, அதற்கு மேலும் வராதவரிடம் மாதம் 300 வாங்கட்டும். எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, கூலி வேலைக்குப் போகிறவரிடம் ஆறாயிரம் கேட்பது சரியில்லை. அதுவரைக்கும் பரிவாஹன் தளத்தில் உங்கள் இப்போதைய செல் நம்பரைப் பதிந்து வையுங்கள். அப்பாவின் பழைய நம்பர்தான் இன்னும் அதில் இருக்கும்.

ஆய்வாளர் முன்னால் வண்டியைக் காட்டும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலர் வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவருவார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதை அல்ல, சேஸிஸ் நம்பரை. உங்கள் மாதிரி வண்டிகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துப் பக்கம் அது அடித்திருக்கும். பதினைந்து வருட எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து அந்த இடம் கறுப்பாக அடைத்திருக்கும். அதன் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வர வேண்டும். ஒரு எழுத்து வராவிட்டாலும் வேலை நின்றுவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றில் துரு ஏறி இது பெரும் பாடு. முந்தின நாளே கொஞ்சம் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். எழுத்து மழுங்கினால், நம்பரை அழித்துத் திருத்திய வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். அதைத் தீர்ப்பதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம் சேலை கார்டு. பின் சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு இருக்க வேண்டும் என்பது 123-ஆம் விதி. இளைஞர்கள் அழகுக்காக முதலில் கழற்றுவது அதைத்தான். பின்னால் உட்காரும் அம்மாவின் முந்தானையோ தங்கையின் துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றாமல் இருக்க வைத்தது அது. கழற்றியிருந்தால் மாட்டிவிட்டு வாருங்கள். மற்றபடி ஹெட்லைட்டின் டிம், பிரைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு பக்கக் கண்ணாடி, டயரின் பட்டன், சத்தம் போடாத சைலன்ஸர். நிறம் மாற்றி அடித்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிப் பதிய வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் ஆய்வு சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பாவின் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்ஜின் நன்றாக இருந்தால் செலவு செய்து உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் 5 வருடம் ஓடும்.

கேள்வி: மாமனாருக்கு இரவு நெஞ்சுவலி வந்து எங்கள் பழைய காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சோதனையில் நிறுத்தி, பதிவு முடிந்த கார் என்று சலான் கொடுத்துவிட்டார்கள். ஆபத்துக்குக்கூட எடுக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: அம்மா, முதலில் மாமனார் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

எடுக்கலாம். நான் மேலே சொன்ன 192-ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரத்துக்கு ஏற்றிச் செல்லவும், மருந்துப் பொருள் கொண்டுபோகவும் பயன்படுத்திய வண்டிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. போலீஸ்காரர்களிலேயே நிறையப் பேருக்கு இது தெரியாது. ஒரு நிபந்தனை உண்டு: 7 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, யாரை எந்த மருத்துவமனைக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, அன்றைய சேர்க்கைச் சீட்டின் நகலை வைத்து, அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் அனுப்பி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. கெடு இருந்தால் இன்றைக்கே போங்கள்.

சலானைக் கட்டிவிடாமல் கோர்ட்டில் சொல்ல வேண்டிய விஷயம் இது. திரும்பி வரும்போதுதான் பிடித்தார்கள் என்பதை அவர்கள் ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆளை இறக்கிவிட்டு வண்டியை அங்கேயே விட்டுவிட்டா வர முடியும் என்று நீங்களும் கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரமும் சலானில் உள்ள நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுதான் உங்களுக்குச் சாட்சி. கும்பகோணத்துத் தம்பிக்குக் கட்டச் சொன்ன நான் உங்களுக்கு எதிர்த்து நிற்கச் சொல்வது இந்த ஆதாரம் உங்களிடம் இருப்பதால்தான்.

காரை இதற்கு மேல் தள்ளிப்போடாமல் புதுப்பித்துவிடுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: 2025 ஆகஸ்டிலிருந்து, 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது. காருக்கு 10,000, இருசக்கர வண்டிக்கு 2,000. உங்கள் கார் எந்த வருடத்தது என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்று பல வருடமாக நிற்கிறது. பதிவு எப்போதோ முடிந்துவிட்டது. ரோட்டுக்கே எடுப்பதில்லை. இதற்கும் அபராதம் வருமா? காயலான் கடைக்காரர் நல்ல விலை கேட்கிறார், கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்குப் போலீஸ் அபராதம் வராது. பொது இடத்தில் ஓட்டினால்தான் குற்றம். ஆனால் என்றைக்காவது ஓட்டலாம் என்று நினைத்துப் புதுப்பிக்கப் போனால் மாதம் 500 என்ற தாமதக் கட்டணம் அத்தனை மாதத்துக்கும் காத்திருக்கும்.

காயலான் கடைக்கு அப்படியே கொடுக்காதீர்கள் ஐயா. எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டாலும் அரசாங்கக் கணக்கில் அந்த நம்பர் உங்கள் பெயரில்தான் உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட்டை வேறொரு காரில் மாட்டிக்கொண்டு யாராவது தப்புக் காரியம் செய்தால் விசாரணைக்கு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்கள் இப்போது வந்துவிட்டன. அங்கே ஒப்படைத்தால் ஒரு ஒப்படைப்புச் சான்று தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டிச் சலுகை பெற வழி இருக்கிறது. வண்டி உடைக்கப்பட்டதற்கும் சான்று கிடைக்கும். அதைக் கொண்டுபோய் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்துவிடுங்கள். காயலான் கடையைவிட விலை ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: நான் எட்டு வருடம் முன்பு ஒரு புரோக்கரிடம் விற்ற ஸ்கூட்டருக்கு, பதிவு முடிந்தது, ஹெல்மெட் இல்லை என்று இ-சலான் என் செல்போனுக்கு வருகிறது. வாங்கியவர் யார் என்றே தெரியாது. நான் ஏன் கட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ஏனென்றால் ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறது. கை மாறியது உங்களுக்கும் புரோக்கருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு விபத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கார் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று பல கை மாறியிருந்தும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று முடிவானது. சலான் வந்ததை நல்லதாக எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நோட்டீஸ் வருவதற்கு முன்னால் விழித்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது.

விற்றபோது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வாங்குவதுதான் புரோக்கர்களின் வழக்கம். நகல் வைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். டெலிவரி நோட், பணம் வந்ததற்கான பேங்க் கணக்கு, புரோக்கரோடு பேசிய பழைய மெசேஜ், எது கிடைத்தாலும் சேருங்கள். பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ‘இன்ன தேதியில் விற்றுவிட்டேன், வண்டி என் கைவசம் இல்லை’ என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதே கடிதத்தின் நகலோடு போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இ-சலானில் பெரும்பாலும் போட்டோ இருக்கும். ஓட்டுபவர் முகம், பிடித்த இடம், நேரம் மூன்றும் தெரியும். ஒரே முனையில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருந்தால் வண்டி அந்த ஏரியாவில்தான் ஓடுகிறது. அந்தப் போக்குவரத்து போலீஸாரிடம் நேரில் சொல்லுங்கள். பதிவு முடிந்த வண்டி என்பதால் பிடித்து நிறுத்த அவர்களுக்கே அதிகாரம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த அதிகாரம் உங்களுக்கு உதவியாகவே முடியும்.

கேள்வி: பெங்களூரில் 2012-ல் பதிவு செய்த கார். வேலை மாறி இரண்டு வருடமாகக் கோவையில் இருக்கிறோம். 2027-ல் பதிவு முடிகிறது. அப்போது புதுப்பிக்கும்போதே தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றிக்கொண்டால் போதுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: போதாது. வேறு மாநிலத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. உங்களுக்கு அந்தக் கெடு போன வருடமே முடிந்துவிட்டது. பெங்களூரில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் பேங்க்கின் சம்மதமும் வேண்டும். இங்கே வரியைக் கட்டிவிட்டு, கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதி ஏதாவது திரும்ப வருமா என்று அந்த அலுவலகத்திலேயே விண்ணப்பித்துக் கேளுங்கள். புது நம்பர் வாங்கினால் 15 வருடம் புதிதாகத் தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கணக்கு 2012-லிருந்துதான். 2027-ல் பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்னால் கோவையிலேயே படிவம் 25 போட்டுவிடலாம்.